வயதான நாய் உறுமுகிறது, புதுக் குட்டியை என்ன செய்வது?

கும்பகோணத்தை அடுத்து அரசலாற்றங்கரையில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 66 வயது. கணவர் விவசாயம் பார்க்கிறார். வீட்டில் 11 வயது லேப்ரடார் ஆண் நாய் ஒன்று இருக்கிறது. மணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடமாகவே மணிக்குப் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. காலையில் எழுந்திருக்கவே நேரமாகிறது. கூடத்து டைல்ஸில் பின்பக்கம் வழுக்கி உட்கார்ந்துவிடுகிறது. திண்ணைப் படி ஏறுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. "வலியெல்லாம் இல்லை டாக்டர், ஒரு நாள்கூட அது கத்தினதில்லை, வயசுதான்" என்கிறார்.

காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேரன், பக்கத்துத் தெருவில் பிறந்திருந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பெட்டை, இரண்டு மாதக் குட்டி. துணை கிடைத்தால் மணி கொஞ்சம் சுறுசுறுப்பாகும் என்று இவரும் சரி என்றிருக்கிறார். ஆனால் குட்டி கிட்டே போனாலே மணி உறுமியது. மூன்றாம் நாள், படுத்திருந்த மணியின் இடுப்பில் குட்டி ஏறிக் குதிக்க, மணி வெடுக்கென்று திரும்பிக் கவ்வப் போனது. காயம் ஒன்றும் இல்லை, ஆனால் குட்டி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கணவர் மணியைத் துண்டால் இரண்டு அடி அடித்து மாட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து அவிழ்த்துவிட்டதிலிருந்து மணி ரேழியிலேயே சிறுநீர் கழிக்கிறதாம், "வீம்புக்கு". பேரன் லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டான்.

மணிக்கு இது பொறாமையா, குட்டியைக் கொன்றுவிடுமா என்று கேட்கிறார். தான் முட்டி வலிக்குச் சாப்பிடும் மாத்திரையில் பாதியை இரண்டு நாள் கொடுத்திருக்கிறார், தொடரலாமா என்கிறார். உறவுக்காரர்களில் ஒருவர் குட்டியை மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார், இன்னொருவர் மணிக்கு ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்கிறார். என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

அம்மா, வணக்கம்.

குட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பாதிப் பதிலை மணியின் இடுப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணியின் வலிக்கு ஒரு வழி பண்ணாமல் இரண்டையும் பழக்கிவிட நீங்கள் படும் பாடெல்லாம் வீணாகத்தான் போகும்.

மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. முட்டி வலிக்கு மனிதர்களுக்குத் தரும் மாத்திரைகளில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். இவை நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். "பாதிதானே கொடுத்தேன்" என்பதில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. பாராசிட்டமாலும் நாமாகக் கொடுக்கிற மருந்தல்ல, அளவு தப்பினால் கல்லீரல் போய்விடும். மணி வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, மலம் தார் மாதிரி கருப்பாகப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இந்த அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும், எந்த மாத்திரை, கடைசியாக என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வலி மருந்து உடம்பில் இருக்கும்போதே இன்னொன்றைத் தொடங்கக் கூடாது, நடுவில் சில நாள் விட வேண்டும். முன்பு எப்போதாவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுப் புண் இன்னும் சீக்கிரம் வரும். திட்டுவார்களே என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர். நாங்கள் திட்டுவதும் உண்டுதான். இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தைலம் தேய்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் செய்வீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: வேண்டாம். வலி தைலங்களில் இருக்கும் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும், நாய் நக்கி உள்ளே போனால் விஷம். தடவிய இடத்தை நக்காத நாயை நான் பார்த்ததில்லை.

நாய்களுக்குக் கொடுக்கக்கூடிய வலி மருந்துகள் இருக்கின்றன, மெலாக்சிகாம், கார்புரோஃபன் போன்றவை. ரத்தத்தில் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, நாயை எடை போட்டு, அளவை டாக்டர் எழுதித் தர வேண்டும். வயிற்றில் சோறு இருக்கும்போது மட்டும் கொடுக்க வேண்டும்.

கத்தாவிட்டால் வலி இல்லை என்று அர்த்தமில்லை

இதில்தான் உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன். கால் மிதிபட்டால், கதவிடுக்கில் வால் மாட்டினால் நாய் கத்தும். மாதக்கணக்காக இருக்கும் மூட்டு வலிக்குக் கத்தாது. மெதுவாக எழும், படியைத் தவிர்க்கும், ஒரே இடத்தில் படுத்திருக்கும், மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும், யாராவது இடுப்பைத் தொட வந்தால் உறுமும். உங்கள் கடிதத்திலேயே இவற்றில் பாதி இருக்கிறது. "வயசு" என்று நீங்கள் எழுதிய இடங்களில் எல்லாம் "வலி" என்று போட்டுப் படித்துப் பாருங்கள், மணி செய்வது வேறு மாதிரி தெரியும்.

லேப்ரடார்களுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வது அந்த இனத்திலேயே உள்ள குறை. வயதானால் அங்கே தேய்மானம் வரும். மணிக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆனால் ஊகத்தோடு விடாமல் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று சாயங்காலம் மணி படுத்திருக்கும்போது பின்னங்கால் நகங்களைப் பாருங்கள். நடுவிரல்கள் இரண்டின் நகமும் மேல்பக்கமாகத் தேய்ந்து மழுங்கியிருந்தால், அது பாதத்தைச் சரியாகத் தூக்காமல் தரையில் இழுத்து நடக்கிறது. அப்புறம் மணியை நிற்க வைத்து, வயிற்றுக்குக் கீழே உங்கள் கணவர் கை கொடுத்துத் தாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு பின்பாதத்தை மெல்ல மடக்கி, பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு நன்றாக இருக்கிற நாய் உடனே பாதத்தைத் திருப்பிச் சரியாக ஊன்றிக்கொள்ளும். மடங்கிய பாதத்திலேயே நின்றுகொண்டிருந்தால் சிக்கல் முதுகுத்தண்டில் இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. மணி உறுமினால் விட்டுவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு நாள் திடீரென்று பின்பக்கமே எழவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, உண்ணி. காது மடலுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தேடிப் பாருங்கள். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், அதிலும் மூட்டு வலித்து நாய் நொண்டும். "வயசுதான்" என்று வீட்டில் போட்டு வைத்திருந்த நாய்கள் ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்து, மருந்தில் எழுந்து நடந்ததுண்டு. மணியைக் கொட்டகையில் கட்டியது அந்த வகையிலும் சரியில்லை. ஈரம், சாணம், உண்ணி எல்லாம் அங்கேதான்.

எடையையும் பாருங்கள். விலாவில் கை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் கையில் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் மணி குண்டு. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் காலையில் பால்சோறு, மத்தியானம் மிச்சச் சோறு, வெள்ளிக்கிழமை பெருமாள் கோயில் பொங்கல் வேறு இருக்கிறது. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார், பொங்கலை நிறுத்துங்கள். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும் வரை கவனித்து 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பாதி நாய்களுக்குச் சாப்பாட்டைக் கால்பங்கு குறைத்துக் கொடுத்தார்கள். அவை மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இந்த வயதிலும் எடை குறைந்தால் இடுப்புக்குச் சுமை குறையும். சோற்றைக் குறைத்து முட்டை, கோழி, நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தி இவற்றை உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்துக் கொடுங்கள். மீன் கொழுப்பு மூட்டுக்கு ஓரளவு உதவும். கடையில் விற்கும் மூட்டு டானிக்குகளைப் பெரிதாக நம்பிச் செலவழிக்க வேண்டாம்.

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை இவற்றுக்கு உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் வசதி இல்லையென்றால், தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனையில் நாய்களையும் பார்க்கிறார்கள்.

உறுமுவதற்கு அடிக்காதீர்கள்

இப்போது பொறாமைக்கு வருவோம். நல்ல கால் உள்ள ஒரு கிழட்டு நாய், குட்டி தொல்லை கொடுத்தால் என்ன செய்யும்? எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடும். மணியால் அது முடியாது. எழுவதற்குள் குட்டி மூன்று தடவை காதைக் கடித்துவிட்டுப் போயிருக்கும். விலகிப் போக முடியாத நாய்க்குக் கையிருப்பில் இருப்பது உறுமல் ஒன்றுதான். "கிட்டே வராதே, வலிக்கிறது" என்று அது மரியாதையாகச் சொல்லிப் பார்க்கிறது.

அதற்குத்தான் உங்கள் வீட்டுக்காரர் துண்டை எடுத்தார். குட்டிக்கு அடிபட்டுவிடுமோ என்ற பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். அதோடு, குட்டி வந்தால் நமக்கு அடி என்ற கணக்கும் அதன் மனதில் ஏறும். கொட்டகையில் சங்கிலியில் கட்டினால் விலக வழியே இல்லாமல் போய்விடும், கட்டிப்போட்ட நாய் இன்னும் சீறும்.

மூன்றாம் நாள் நடந்ததில் நீங்கள் கவனிக்க வேண்டியது, காயம் இல்லை என்பது. ஒரு லேப்ரடார் நிஜமாகக் கவ்வ நினைத்திருந்தால் அந்தக் குட்டி பிழைத்திருக்காது. மணி காற்றைத்தான் கவ்வியது, வேண்டுமென்றேதான். அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. பெரிய நாய் குட்டியைக் கடிக்காது என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். வலியில் இருக்கும் முப்பது கிலோ நாய்க்கும் மூன்று கிலோ குட்டிக்கும் நடுவில் ஒரு தப்பு போதும், கண்ணோ மண்டையோ போய்விடும். நீங்கள் கூட இல்லாத எந்த நேரத்திலும் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. உங்கள் குளியல் நேரம், மத்தியானத் தூக்கம் எல்லாம் இதில் சேர்த்தி.

உடம்பை விறைத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் குட்டியையே பார்த்து, உறுமாமல் அதன் பின்னாலேயே போகிறது என்றால் அது வேறு விஷயம். உறுமலைவிட அந்த மௌனத்துக்குத்தான் நான் பயப்படுவேன். அப்படி ஒருமுறை பார்த்தாலும், அல்லது பல் பதிந்து ரத்தம் வந்தாலும், சேர்த்துப் பழக்கும் முயற்சியை நிறுத்திவிட்டு எங்களைப் போன்ற ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

ரேழியில் சிறுநீர் கழிப்பது வீம்பு இல்லை. நாய்க்கு அவ்வளவு திட்டம் போடத் தெரியாது. எழுவதற்குள் முட்டிக்கொண்டு வந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், கொல்லைக்குப் போகும் வழியில் குட்டி இருப்பதால் போகவே தயங்கியிருக்கலாம். முதுகுத்தண்டுச் சிக்கல் என்றாலும் அடக்க முடியாமல் போகும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலைச் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு போங்கள். ரேழியை வெறுங்கையால் துடைக்காதீர்கள். சம்பா வயலைச் சுற்றி எலி இருக்கும் ஊரில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் வரும். கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

வீட்டுக்குள் எல்லை பிரிப்பது

மணியால் எழுந்து போக முடியாது என்றால் குட்டி மணியிடம் வராதபடி நாம்தான் செய்ய வேண்டும். தாழ்வாரத்தில் ஒரு மூலையை மணிக்கென்று ஒதுக்கி, குறுக்கே மூங்கில் படல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். குட்டி நுழைய முடியாத அளவுக்கு இடைவெளி நெருக்கமாக இருக்க வேண்டும், மணி கூடத்தையும் உங்களையும் பார்க்க முடிய வேண்டும். வீட்டு மனிதர்களைப் பார்க்க முடியாத இடத்தில் தள்ளினால் அது தண்டனை. தண்ணீர், படுக்கை, சாப்பாடு மூன்றும் படலுக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். அங்கிருந்து கொல்லைக்குப் போகும் வழி குட்டியின் இடத்தைத் தாண்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

டைல்ஸ்தான் மணிக்கு முதல் எதிரி. படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை, அடியில் ரப்பர் உள்ள கால்மிதிகளை இடைவெளி விடாமல் போட்டுவிடுங்கள். வெறும் சாக்கு போட்டால் சாக்கோடு சேர்ந்து வழுக்கும். பாதத்துக்கு அடியில் விரலிடுக்கில் வளர்ந்த முடியைக் கத்தரித்து, நகத்தையும் வெட்டிவிடுங்கள், பிடிப்பு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் தரை ஊறிப்போய் ஜில்லென்று இருக்கும், மூட்டு இறுகும். தரைக்கு நாலு விரல் உயரத்தில் பலகை போட்டு, மேலே பழைய மெத்தை விரியுங்கள். எழும்போது தொடைக்கு முன்னால் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கிவிட்டால் மணிக்குப் பாதி வேலை குறையும். அடித்த துண்டையே அதற்கு எடுக்காமல் வேறு துண்டாக எடுங்கள், அதற்கு ஞாபகம் இருக்கும்.

ஆற்றில் நீந்த விட்டால் மூட்டுக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். நீச்சல் நல்லதுதான். அரசலாற்றில் தண்ணீர் ஓடும் வேகத்தில், சேற்றுக் கரையில் ஏறத் தெரியாத இந்த நாயை விடுவதுதான் நல்லதில்லை.

சேர்த்துப் பழக்குவது

வலி மருந்து தொடங்கி, மணி முன்பைவிடச் சுலபமாக எழுகிறது என்று உங்களுக்கே தெரிந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். அதுவரை படல் போதும். குட்டி படுத்த துணியை மணியின் பக்கமும் மணியின் துணியைக் குட்டியின் பக்கமும் போடுங்கள். படலுக்கு இருபுறமும், நன்றாகத் தள்ளி, ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். தட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே நகர்த்தலாம். மணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தால் நேற்றைய தூரத்துக்கே திரும்பிப் போங்கள்.

நேரில் சந்திக்க வைக்கும்போது வெளியில், மண் தரையில், மணி நின்றுகொண்டிருக்கும்போது செய்யுங்கள். படுத்திருக்கும்போது கூடவே கூடாது. பொதுவான இடம் நல்லது என்று சொல்வார்கள். ஆனால் தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவிலோ களத்துமேட்டிலோ இறக்கிவிட்டால் குட்டிகளைக் கொல்லும் வாந்திபேதி நோயான பார்வோ பிடித்துக்கொள்ளும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெருநாய் நுழையாத, சுற்றுச்சுவர் உள்ள கொல்லை உங்களுக்கு இருந்தால் அது போதும். குட்டியைக் கயிற்றில் ஒருவர் பிடிக்க வேண்டும், மணியை இன்னொருவர். குட்டி நன்றாக விளையாடிக் களைத்து, சாப்பிட்டு முடித்த நேரமாகப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக நடந்து, ஒன்றும் நடப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். குட்டி பின்னாலிருந்து மணியின் வாலையோ இடுப்பையோ பிடிக்க ஒருபோதும் விடாதீர்கள்.

மணி முகத்தைத் திருப்பினால், கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால் அது போதும் என்கிறது. அப்போதே குட்டியைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். மணி உறுமி, குட்டி பின்வாங்கினால் எல்லாம் சரியாக நடக்கிறது, நீங்கள் தலையிட வேண்டாம். மணி உறுமியும் குட்டி கேட்காமல் மேலே ஏறினால் தூக்க வேண்டியது குட்டியை. மணியை யாரும் அதட்டக் கூடாது.

இது வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் சும்மா இருந்தாலே எனக்கு அது வெற்றிதான். குட்டி வந்தால் மணி சுறுசுறுப்பாகும் என்று நினைத்தீர்கள். வலி குறைந்த சில கிழ நாய்கள் அப்படி ஆகின்றன, வலியோடு இருப்பவை ஆவதில்லை.

குட்டியை வைத்துக்கொள்வதா?

குட்டியின் தாய்க்கு ஊசி போட்டிருக்க வாய்ப்பில்லை. அதனால் இப்போதே பூச்சி மருந்து கொடுத்து, பார்வோ உள்ளிட்டவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, நான்கு மாதம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. மணிக்கும் வருடாந்திர ஊசி விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள். குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் உங்களுக்குத் தோல் கீறியிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

குட்டி பெட்டை, மணி ஆண். ஆறு மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் குட்டிக்குப் பருவம் வரும். மணி மேலே ஏற முயன்றால் அதன் இடுப்பு முழுதாக விட்டுவிடும். கருத்தடை அறுவை எப்போது என்று முதல் ஊசி போடும்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. குட்டியை விரும்பிக் கொண்டுவந்தவன் சென்னையில் இருக்கிறான். படல் திறப்பது, ஊசிக்குத் தூக்கிப்போவது, நாளுக்கு நாலு தடவை அதோடு விளையாடிக் களைக்க வைப்பது எல்லாம் முட்டி வலியோடு நீங்கள் செய்ய வேண்டியவை. காலுக்குள் ஓடிவரும் குட்டி தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். நாட்டு நாய் நன்றாக வளர்ந்தால் பன்னிரண்டு, பதினாலு வருடம் இருக்கும். உங்கள் கணவர் பாதி வேலையை ஏற்றுக்கொள்கிறாரா, நாளைக்குப் பிள்ளைகளில் யாராவது இதைப் பார்த்துக்கொள்வார்களா என்று வெளிப்படையாகப் பேசுங்கள். ஆம் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், மணி பிரச்சினை தீரக்கூடியதுதான். இல்லையென்றால் குட்டிக்கு வேறு வீடு தேடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இப்போதே தேடுங்கள். இரண்டு மாதக் குட்டியைத் தூக்க ஆள் கிடைக்கும், ஆறு மாதப் பெட்டை நாயை யாரும் கேட்க மாட்டார்கள். முதல் ஊசி போட்டு, கருத்தடைச் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொன்னால் இன்னும் சுலபம். பேரனுக்கு நீங்களே போன் செய்து காரணத்தைச் சொல்லுங்கள், குட்டி ஓடிப்போய்விட்டது என்று கதை கட்ட வேண்டாம்.

மார்க்கெட்டில் விடுவது எந்தக் கணக்கிலும் வராது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.

மணிக்கு ஊசி போடச் சொன்ன உறவுக்காரருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு அந்த முடிவு தேவைப்படும் நிலை உண்டு. நல்ல மருந்து கொடுத்தும் எழ முடியாமல், தன் மலத்திலேயே கிடந்து, சாப்பாட்டையும் மனிதர்களையும் பார்க்காமல் ஒதுங்கிய பிறகு அதை நானே சொல்வேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்னும் வாலை ஆட்டுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாய்க்கு ஒரு நாள்கூடச் சரியான வலி மருந்து கொடுத்துப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

அடைமழை பிடிப்பதற்கு முன், இந்த வாரமே மணியைக் கொண்டுபோங்கள். காலையில் அது எழுந்திருக்கும் விதத்தையும் கூடத்தில் நடப்பதையும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பயத்தில் எல்லா நாயும் நன்றாக நடக்கும், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் ஏற்ற முன்னங்காலைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஒரு ஜமுக்காளத்தில் படுக்க வைத்து இரண்டு பேர் நாலு முனையையும் பிடித்துத் தூக்குங்கள், அந்த இரண்டு பேரில் ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம். குட்டியை அதே வண்டியில் ஏற்றாமல் வேறொரு நாள் தனியாகக் கொண்டுபோங்கள்.